தலைக்கடை

புதுக்கோட்டைப் பக்கத்து முதிய பெண்மணிகள், வீட்டின் பின்புறத்தில் கிணறும் துவைகல்லும் முருங்கை மரமுமாக இருக்கிற இடத்தை இன்றும் 'புழக்கடை' என்றே சொல்லுகிறார்கள். புழைக்கடை என்பதன் மரூஉ அது. புழை என்பது சிறு வழி; கடை என்பது வாயில். வீட்டின் பின்வாயில் புழைக்கடை என்றால், முன்வாயில் தலைக்கடை. சரக்கு விற்கும் இடத்துக்கு நம் முன்னோர் பெரிதும் வழங்கிய பெயர் அங்காடி. பகலில் கூடுவது நாளங்காடி, இரவில் கூடுவது அல்லங்காடி என்று சிலப்பதிகாரக் காலத்துத் தமிழர் பிரித்து வழங்கினார்கள். அந்த அங்காடி பேச்சு வழக்கிலிருந்து மெல்ல ஒதுங்கிக்கொள்ள, வாயில் என்ற பொருளுடைய கடை என்னும் சொல் அதன் ஸ்தானத்தில் வந்து அமர்ந்துகொண்டது. வாயிலைக் குறித்த சொல் வாணிபத்தைக் குறிக்க வந்தது எவ்வாறு என்ற கேள்விக்குச் சொல்லாராய்ச்சி வல்லவர்கள் தக்க விடை கூறுவார்கள். ஆயினும், புதுக்கோட்டை நகரின் கீழ ராஜ வீதியில் ஒரு முற்பகல் முழுவதும் மெதுவாக நடந்து, இரு சிறகிலும் உள்ள கட்டடங்களை அடியிலிருந்து முடிவரை பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு, அந்த விடை கண்ணெதிரே செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்பது போலவே தோன்றும். வீட்டின் வாயில்தான் அங்கே கடையாயிற்று. வாயிலில் தொடங்கிய வாணிபந்தான் நாளடைவில் வீட்டுக்குள் நடந்து சென்று, கூடத்தைக் கடந்து, புழக்கடை வரையில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பிரயாணத்தின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

அவ்வரலாற்றைச் சொல்வதற்குமுன் நகரத்தின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீடு கடையானதற்குப் பாதிக் காரணம் வீதியிலேயே இருக்கிறது. ராமநாதபுரத்து அரசர் கிழவன் சேதுபதியின் ஆதரவால் 1686-ஆம் ஆண்டளவில் ரகுநாத ராயத் தொண்டைமான் ஸ்தாபித்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் தலைநகரம், அடுத்த நூற்றிருபது ஆண்டுகளில் தன்னிச்சையாக, சந்தும் முடுக்குமாக வளர்ந்திருந்தது. 1812-இல் ஏற்பட்ட பெருந்தீ அந்தப் பழைய ஊரை அழித்தது. அப்போது அரசு புரிந்த விஜய ரகுநாத ராயத் தொண்டைமான், தஞ்சையில் கும்பினியாரின் ரெசிடெண்டாக இருந்த மேஜர் பிளாக்பர்னின் யோசனையுடன், ஊரைப் புதிதாகக் கோடு கிழித்து அமைத்தார். அகன்ற நேர்வீதிகள், அவை ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்லும் சந்திப்புகள், நடுவில் அரண்மனை, அதைச் சூழ்ந்து கீழ, மேல, வடக்கு, தெற்கு ராஜ வீதிகள், அவற்றுக்கு அப்பால் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று எண்ணிட்ட வீதிகள். வீதிகளுக்குப் பெயரிடாமல் எண்ணிட்டு அழைக்கும் இந்த வழக்கம் தமிழ்நாட்டின் பழைய நகரங்களில் அரிதாகையால், முதன்முறை வருகிற வெளியூர்க்காரர் மேல மூன்றாம் வீதிக்கும் கீழ மூன்றாம் வீதிக்கும் இடையே சிறிது தடுமாறுவதுண்டு.

மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் கோயில் இருக்கும் இடத்தில் இங்கே அரண்மனை இருக்கிறது என்பதே இந்த அமைப்பின் முக்கிய விசேஷம். தொண்டைமான்களின் குலதெய்வமான பிரகதாம்பாள் எழுந்தருளியிருக்கும் திருக்கோகர்ணம் நகரின் வடபால் தனித்து நிற்கிறது. ஊரின் நடுவிலோ, சதாசிவப் பிரம்மேந்திரர் திருவரங்குளத்துக் காட்டில் தொண்டைமானுக்கு மணலில் மந்திரம் எழுதி உபதேசித்தார் என்றும், அம்மணலை அரசர் எடுத்துவந்து அரண்மனையில் வைத்து வழிபட்டார் என்றும் போற்றப்படும் புனிதத்தோடு கூடிய ராஜ கிருகமே கர்ப்பக்கிருகத்தின் ஸ்தானத்தில் நின்றது. கோயிலைச் சுற்றிய வீதியில் தேர் ஓடுவதைப் போல, அரண்மனையைச் சுற்றிய வீதியில் தசராக் காலத்தில் அரசரின் பவனி சென்றது. பவனி செல்லும் வீதிக்கு அகலம் வேண்டும். அகலத்தோடு, இரு புறமும் வீடுகளின் முகப்புகள் ஒரே கோட்டில் நிற்கவும் வேண்டும். ஒரு வீடு முன்னே துருத்திக்கொண்டும் மற்றொன்று பின்னே பதுங்கிக்கொண்டும் இருந்தால் ராஜ வீதிக்கு அழகில்லை. அரசரின் ஊர்வலத்துக்காக நேராக்கப்பட்ட அதே முகப்புக் கோடுதான், நூறாண்டு கழித்து, வாங்குகிறவர்களின் ஊர்வலத்துக்கும் வாய்ப்பாக அமைந்தது. கோணல் சந்தில் உள்ள வீடு கடையாவது கஷ்டம். வரிசையில் முகம் காட்டி நிற்கும் வீடு கடையாவது மிகச் சுலபம்.

இனி, அந்த வீடு. தெருவில் பார்த்தால் அகலம் குறைவு. உள்ளே போனால் நீளம் முடிவதில்லை. தமிழ்நாட்டு நகரங்களில் பொதுவாகக் காணப்படும் இந்த அமைப்புக்குக் காரணம் தெளிவானது: வீதியின் முகம் எல்லோருக்கும் வேண்டிய அரிய பொருள், ஆகவே அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டு, வேண்டிய இடத்தைப் பின்னோக்கி நீட்டிக்கொண்டார்கள். தெருவாசலின் இரு புறமும் திண்ணைகள். அவற்றின் கூரையைத் தாங்கும் மரத்தூண்கள். நிலைப்படியைத் தாண்டினால் ரேழி. ரேழிக்கு அப்பால் வானத்தைப் பார்த்த முற்றம். அதைச் சுற்றித் தாழ்வாரம். பக்கத்தில் கூடம், பூஜை அறை, நெல் அறை. பிறகு இரண்டாங்கட்டு, அடுக்களை. கடைசியில் கிணறும் கொல்லையும். வசதியுள்ளவர்கள் மேலே மச்சுக் கட்டினார்கள்: தேக்கு விட்டங்களின்மேல் சிறு செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து இட்ட, இன்று மெட்ராஸ் ஒட்டு என்று கட்டடக்காரர்கள் சொல்லும் தளம். சுவர்கள் பருமனானவை, சுமையைத் தாங்குவது சுவர்களே என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் இது பற்றிப் பேச நேரும்.

இந்த வீட்டில் நான் வியந்து பார்ப்பது திண்ணையைத்தான். சொத்து உரிமையின்படி அது வீட்டுக்காரருடையது. வழக்கத்தின்படியோ அது வீதியுடையது. வெயிலில் வந்த வழிப்போக்கன் கேளாமல் உட்காரலாம். மழைக்கு ஒதுங்கியவனை எழுப்புவது மரியாதையன்று. இரவில் படுப்பவன் தலை வைப்பதற்கென்றே திண்ணையின் ஒரு முனையில் திண்டு போலச் சாய்வாக உயர்த்திக் காரை பூசி வைத்திருப்பார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில் கிராமத்துக் குழந்தைகள் அரிச்சுவடி கற்றது திண்ணையில்; ஜாதகக் கட்டங்களை விரித்து வைத்துச் சம்பந்தம் பேசியது திண்ணையில்; கடன் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து விழுந்தது திண்ணையில்; வளையல்காரரும் பாத்திரம் விற்பவரும் மூட்டையை இறக்கி விரித்ததும் அதே திண்ணையில்தான். வீட்டுக்குள் வராமலேயே வீட்டாரோடு கொடுக்கல் வாங்கல் நடத்துவதற்கான இடமாக அது இருந்தது. ஆதலால், ஒரு நாள் ஒரு தையற்காரர் வந்து, 'திண்ணையின் ஒரு மூலையில் மெஷின் போட்டுக்கொள்ளட்டுமா?' என்று கேட்டபோது, வீட்டுக்காரருக்கு அது விபரீதமாகப் படவில்லை. திண்ணை ஏற்கெனவே பாதி அங்காடியாக இருந்தது, நாள் கணக்கில் இருந்தது மாதக் கணக்காயிற்று, அவ்வளவுதான் மாறுதல்.

தையல் மெஷின், வெற்றிலை பாக்குக் கடை, பூக்கடை, கடிகாரம் பழுது பார்ப்பவரின் கண்ணாடிப் பெட்டி ஆகியவை முதற்படி. இவற்றுக்குச் சுவர் வேண்டாம், கதவு வேண்டாம். சாயங்காலம் சாமான்களை ரேழியில் எடுத்து வைத்துவிட்டுப் போகலாம். இரண்டாவது படியில் திண்ணைக்குப் பின்னாலுள்ள முன்னறைச் சுவரில் அகலமான வாயில் வெட்டப்படும். திண்ணையும் அறையும் சேர்ந்து ஒரு கடையாகும். அதற்குப் பலகைக் கதவு வரும். மேலும் கீழும் உள்ள மரச்சட்டத்தின் பள்ளத்தில் ஒவ்வொன்றாகச் செருகிச் சேர்க்கும் அந்தப் பலகைகளுக்கு, இடம் மாறிப்போகாமல் இருக்க, வரிசை எண் பொறித்திருப்பார்கள். காலையில் பலகைகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்துவதும் இரவில் எண் பார்த்து மாட்டுவதும் கடைப்பையனின் முதல் வேலையும் கடைசி வேலையுமாக இருந்தன. இன்று சுருட்டி மேலே ஏற்றும் இரும்பு ஷட்டர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன. பலகைக் கதவு எஞ்சி நிற்கும் கடையைக் கண்டால், அருமையான கல்வெட்டைக் கண்டது போன்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாகிறது.

மூன்றாவது படியில்தான் வீட்டின் தன்மை மாறுகிறது. இடப்புறத் திண்ணை ஒரு கடை, வலப்புறத் திண்ணை ஒரு கடை; நடுவே தெருவாசல். சாக்கடையின்மேல் போட்டிருந்த கல் கடைப்படியாக நீளும். திண்ணைத் தூண்கள் புதுச் சுவருக்குள் புதைந்துபோகும். தெருவாசலோ, இரு கடைகளுக்கும் இடையில் மூன்றடி நான்கடி அகலமுள்ள ஒரு சந்தாகச் சுருங்கும். ரேழி என்பது வெறும் நடையாகிவிடும். அதன் சுவரில் மின்வாரியத்தின் மீட்டர்கள் வரிசையாக ஏறும். ஒரு பழைய வீடு இப்போது எத்தனை பாகமாக, எத்தனை குடிகளின் அனுபவத்தில் இருக்கிறது என்று அறிய விரும்புகிற ஆராய்ச்சியாளர் யாரையும் விசாரித்துச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை; நடையில் நின்று மீட்டர்களை எண்ணினால் போதும்.

அதன் பிறகு மாறுதல் விரைவாக நிகழ்கிறது. ஜவுளிக்கடைக்குச் சரக்கு வைக்க இடம் போதாமல் கூடம் கிட்டங்கியாகிறது. முற்றத்தின்மேல் தகரமோ கண்ணாடி நாரிழைத் தகடோ போட்டு மழையையும் வானத்தையும் ஒருங்கே தடுத்துவிடுகிறார்கள். குடும்பம் இரண்டாங்கட்டுக்கு ஒதுங்குகிறது, அல்லது மச்சுக்கு ஏறுகிறது. ஒரு தலைமுறை கழிந்து, பிள்ளைகள் திருச்சிக்கோ சென்னைக்கோ போனதும், மச்சும் தையல் கூடமாகவோ வழக்கறிஞர் அலுவலகமாகவோ மாறுகிறது. கடைக்கு விஸ்தாரமான கூடம் வேண்டுமென்று சுவரை எடுக்கும்போது, நான் முன்பு குறிப்பிட்ட அபாயம் தலைதூக்குகிறது: சுமை தாங்கும் சுவரை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இரும்பு உத்தரத்தைக் கொடுக்கிறார்கள், சுண்ணாம்புச் சாந்தில் எழுந்து நூறாண்டு மெல்ல அசைந்து பழகிய கட்டடத்துக்குள் சிமெண்டையும் இரும்பையும் செருகினால், பழையது ஒரு விதமாகவும் புதியது வேறு விதமாகவும் அசைந்து, சேரும் இடத்தில் வெடிப்பு விடுகிறது. நல்ல கொத்தனார்கள் இதை அறிவார்கள். ஆனால் தீபாவளி வியாபாரத்துக்கு முன்னால் கடை திறந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் கொத்தனாரின் அறிவுக்கு எப்போதும் இடம் கிடைப்பதில்லை.

இந்த மாறுதல் எப்போது, எதனால் வேகங்கொண்டது? சமஸ்தானக் காலத்திலேயே விதை விழுந்துவிட்டது. 1878 முதல் 1894 வரை புதுக்கோட்டையின் நிர்வாகத்தை நடத்திய சர் அ. சேஷையா சாஸ்திரியார், திருவிதாங்கூரில் திவானாக இருந்து பெற்ற அனுபவத்தோடு வந்தவர். குளங்களைத் தூர்வாரி, பொது அலுவலகக் கட்டடங்களை எழுப்பி, விளைச்சலில் பங்கு பெறும் அமானி முறையை நீக்கிப் பணத்தீர்வையை ஏற்படுத்தினார். தானியமாகச் செலுத்தியவன் பணமாகச் செலுத்த வேண்டுமானால் தானியத்தைச் சந்தையில் விற்றாக வேண்டும். பணம் கையில் வந்தவன் ஊருக்குள் ஏதேனும் வாங்காமல் திரும்புவதில்லை. தலைநகரின் கடை வீதி பெருத்ததற்கு இந்த வரிச் சீர்திருத்தம் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ரூபாய்க்கு 320 வீதம் வழங்கிய அம்மன் காசு என்ற சிறு செப்புக்காசு அந்தக் கடை வீதிக்கே உரியது. ஒரு பக்கத்தில் பிரகதாம்பாளின் உருவமும் மறுபக்கத்தில் 'விஜய' என்ற எழுத்துகளும் கொண்டு, நவராத்திரியில் அரிசியோடு தானமாக வழங்கப்பட்ட அக்காசு, கால் வீசை புளிக்கும் ஒரு கட்டு வெற்றிலைக்கும் திண்ணைக் கடைகளில் கை மாறியது. ஒரு ரூபாயை முந்நூற்றிருபது துண்டாக்கிச் செலவழிக்க முடிந்த ஊரில் சிறு கடைகள் செழித்தது ஆச்சரியமன்று.

1929-இல் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் நகரின் மையத்துக்கு வெளியே கருங்கல்லில் புது அரண்மனை எழுந்தது. இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகமாக இருப்பது அதுதான். அரசரின் வாசம் நடுவூரிலிருந்து விலகியதும், ராஜ வீதிகள் பெயரில் மட்டும் ராஜ வீதிகளாக மிஞ்சின. நாற்பதுகளில் இந்நகரம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் புத்தகப் பிரசுரத்துக்கும் பெயர்பெற்ற கேந்திரமாக விளங்கியதை மறந்துவிடலாகாது. 1947-இல் முருகு சுப்பிரமணியம் நடத்திய 'பொன்னி' இங்கிருந்தே வெளிவந்தது. கவிஞர் கண்ணதாசன் இளமையில் ஆசிரியராக அமர்ந்ததும் இவ்வூரோடு தொடர்புடைய 'திருமகள்' பத்திரிகையில்தான். அச்சுத் தொழிலோ, முன்னறையில் அச்சு எந்திரமும் ரேழியில் எழுத்துப் பெட்டிகளுமாக ஒரு வீட்டுக்குள்ளேயே குடியிருக்கக்கூடியது.

ஆயினும் இவை எல்லாவற்றிலும் பெரிய திருப்பம் 1948 மார்ச்சில் நிகழ்ந்தது. சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. ஒரே நாளில் தலைநகரம் தலைநகரமல்லாமற் போயிற்று. ஹுஸூர் கச்சேரியும் சமஸ்தானத்து இலாகாக்களும் இல்லையென்றான பின், அவற்றில் உத்தியோகம் பார்த்த குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்கு இந்த ஊரில் பிழைப்பு ஏது? உத்தியோகம் போன இடத்துக்கு மனிதர்கள் போனார்கள். வீடுகள் மட்டும் நின்றன. விற்க மனமின்றி, குடியிருக்கவும் ஆளின்றி நின்ற வீட்டுக்கு, முன்கட்டை வாடகைக்குக் கேட்டு வந்த வியாபாரி ஒரு விதத்தில் ரக்ஷகராகவே வந்தார். 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாகி, அலுவலகங்களும் ஊழியர்களும் மீண்டும் வந்து சேர்ந்தபோது, அவர்களுக்குத் துணியும் பாத்திரமும் நகையும் விற்க ராஜ வீதி ஆயத்தமாகக் காத்திருந்தது.

இதுவரை சொன்னவை ஊரின் சரித்திரம். வீட்டைக் கூறு போட்டதில் சட்டத்துக்கும் பெரும் பங்கு உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதியில் நின்றதாகும். கூட்டுக் குடும்பத்து வீடு அண்ணன் தம்பிகளுக்குப் பாகமாகும்போது, அதைக் குறுக்கே பிரித்தால் முன்பாகம் பெற்றவனுக்கு வீதி கிடைக்கும், பின்பாகம் பெற்றவனுக்குக் கொல்லைதான் கிடைக்கும். அதை யார் ஒப்புவார்கள்? ஆகவே நெடுக்கே பிரிப்பதுதான் நியாயமாகத் தோன்றும். பத்திரத்தில் 'கிழமேல் ஜாதியடி இவ்வளவு, தென்வடல் ஜாதியடி இவ்வளவு' என்று அளவு எழுதி, நடை பாத்தியமும் கிணற்றுப் பாத்தியமும் பொதுவென்று குறித்து, முற்றத்தின் நடுவில் ஒரு சுவரை எழுப்புவார்கள். அந்தச் சுவர் எழும் நாள் ஒரு வீட்டின் வாழ்வில் மிகத் துயரமான நாள் என்றே நான் கருதுகிறேன். இரண்டு பக்கமும் காற்றும் வெளிச்சமும் பாதியாகி, இரண்டு பாதியும் குடியிருக்கத் தகுதியற்றதாகிவிடுகிறது. இருபத்தைந்து அடி முகப்பு பன்னிரண்டரை அடியாகும். அடுத்த தலைமுறையில் ஆறேகால் அடியாகும். ஆறேகால் அடி அகலத்தில் ஒரு குடும்பம் வாழ முடியாது. ஒரு கடை தாராளமாக நடக்கும். இந்தக் கணக்கே வீட்டைக் கடையாக்கிற்று. வீட்டாரின் ஆசை பெரும்பாலும் அதற்குப் பின்னால் வந்ததுதான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் தூங்கும் பாகப் பிரிவினைப் பத்திரங்களை யாரேனும் பொறுமையுடன் எடுத்து, ஒரே வீதியின் ஜாதியடிகளை மட்டும் வரிசைப்படுத்தினால், ஊரின் உண்மையான சரித்திரம் ஒன்று அதிலிருந்து எழும்.

இரண்டாவது சட்டம் வாடகை பற்றியது. யுத்தகால வீட்டுப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் தோன்றிய வாடகைக் கட்டுப்பாடு, 1960-ஆம் ஆண்டின் கட்டடக் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக உருப்பெற்று, 2019-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் கடை வீதிகளை ஆண்டது. குடியிருப்பவரைக் காரணமின்றி வெளியேற்ற முடியாது; நியாய வாடகைக்கு மேல் கேட்க முடியாது. எளியவர்களுக்குக் கூரையைக் காத்துக்கொடுத்த நல்ல நோக்கமுள்ள சட்டம் அது. எத்தனையோ சிறு வியாபாரிகள் அதன் நிழலில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஆனால் கட்டடத்தின் கதி வேறாயிற்று. விலைவாசி ஏறியும் வாடகை ஏறாத வீட்டை வீட்டுக்காரர் பழுது பார்ப்பதில்லை. தமக்குச் சொந்தமில்லாத கூரைக்குக் கடைக்காரர் செலவிடுவதில்லை. இருவருக்கும் நடுவில் ஓடு நழுவி, விட்டத்தில் கரையான் ஏறிற்று. மேலும், குடியிருப்பவரை எழுப்புவதற்கு அச்சட்டம் அனுமதித்த சில காரணங்களுள் ஒன்று, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. வீட்டைத் திரும்பப் பெறுவதற்கு வீட்டை அழிப்பதே ஒரு வழி என்று ஆனபோது, தேக்குத் தூண்களும் நிலைகளும் எப்படிப் பிழைக்கும்?

இவ்விடத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தின் மறு பகுதியையும் பார்ப்பது அவசியம். திருமயம் வட்டாரத்தில் கடியாபட்டி, ராயவரம், கோனாபட்டு, பனையப்பட்டி, குழிபிறை, நச்சாந்துபட்டி முதலிய நகரத்தார் ஊர்களில், வீதிக்கு வீதி மாளிகைகள் நிற்கின்றன. பர்மாத் தேக்கும் வெளிநாட்டுப் பளிங்கும் கொண்டு, ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீண்ட அந்த வீடுகள் புதுக்கோட்டை நகரத்து வீட்டைப்போல் பல மடங்கு பெரியவை. ஆனால் அவை கடையாக முடியாது; வீதியில் வாங்குவோர் இல்லை. புள்ளிக்குப் புள்ளி பங்கு பிரிந்து, பல ஊர்களிலும் நாடுகளிலும் பரவிய பங்காளிகள் அனைவரும் ஒப்பாமல் விற்கவும் முடியாது. ஆகவே சில வீடுகள் பிரிக்கப்படுகின்றன: தூண் தனியாக, கதவு தனியாக, நிலை தனியாகக் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேருகின்றன. நகரத்து வீடு கடையாகிறது; கிராமத்து வீடு சரக்காகிறது. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், தயக்கமின்றிச் சொல்வேன்: கடையான வீடு, கூரையோடும் சுவரோடும் தன் இடத்தில் இருக்கிறது. கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் விடுதியாகி உயிரோடு இருப்பதைப்போல், ஏதேனும் ஓர் உபயோகம் கிடைத்த வீடுதான் பிழைக்கிறது. பூட்டிய வீடு, அதை இடிக்க யாரும் வராவிட்டாலும், பத்து மழைக்காலத்தில் தானே உட்கார்ந்துவிடும்.

இதே திருமயத்து ஊர்களிலிருந்து கப்பலேறியவர்கள் கடல் கடந்த நாடுகளில் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதை நினைத்தால், இந்த வரலாறு தலைகீழாக ஒரு முறை நடந்திருப்பது விளங்கும். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவிலும் பினாங்கில் பினாங்குத் தெருவிலும் அவர்கள் தங்கிய கிட்டங்கிகள், கடையாகவே கட்டப்பட்ட நீண்ட கட்டடங்கள். அங்கே சுவரோரமாக ஆளுக்கொரு சாய்வு மேசையும் பெட்டியும் வைத்துக்கொண்டு, பகலில் வட்டித்தொழில் நடத்தி, இரவில் அதே தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் மூன்றாண்டு அக்கரையில் கடையையே வீடாக்கி வாழ்ந்து ஈட்டிய பொருள்தான் இக்கரையில் யாரும் குடியிராத மாளிகைகளாக எழுந்தது. சிங்கப்பூரைத் திட்டமிட்ட ராபிள்ஸ் 1822-இல், ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் கூரையிட்ட தொடர்ச்சியான நடையை விட வேண்டும் என்று விதித்தார். ஐந்தடி நடை என்று பெயர்பெற்ற அந்த முன்பாகம், நம் திண்ணையைப் போலவே, உரிமையில் ஒருவருடையதாகவும் அனுபவத்தில் எல்லோருடையதாகவும் இருந்தது. நம் ஊரில் திண்ணைக்கு அத்தகைய விதி ஒன்று இருந்திருந்தால் ராஜ வீதிகள் இன்று எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்: பின்னால் எத்தனை கடை வந்தாலும், முன்னால் தூண் வரிசை அறுபடாமல், வெயிலில் கால் சுடாமல் வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து போகலாம்.

இன்னும் பின்னே போனால், கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரத்திலும் இதே முகத்தைக் காண்கிறோம். செல்வர் வீட்டின் தெருவாசலுக்கு இரு புறமும் தெருவை நோக்கித் திறந்த சிறு கடைகள்; பல வீடுகளில் அவை முன்னறைகளை மாற்றி அமைத்தவை; அவற்றின் நடுவே வீட்டுக்குள் செல்லும் குறுகிய நடை; நடையின் முடிவில் வானம் தெரியும் முற்றம். அகன்ற வாயிலை அடைக்கும் பலகைகளைச் செருகுவதற்கு வாசற்கல்லில் வெட்டிய நீண்ட பள்ளங்கள் இன்றும் அங்கே தெரிகின்றன. ஈராயிரம் ஆண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத இரு ஜனங்கள், முற்றமுள்ள நீண்ட வீட்டையும் போக்குவரத்து மிகுந்த வீதியையும் ஒருங்கே பெற்றபோது ஒரே முடிவுக்கு வந்தார்கள். பாம்பேயியின் வாசற்கற்களை அறிஞர்கள் அளந்து ஏட்டில் ஏற்றியிருக்கிறார்கள். நம் பலகைக் கதவுகளை அளந்தவர் யார்?

அளப்பதற்கு இன்னும் இருக்கிறது என்பதுதான் ஆறுதல். ராஜ வீதிகளிலும் எண்ணிட்ட வீதிகளிலும் நடக்கிறவர் விளம்பரப் பலகைகளுக்கு மேலே கண்ணை உயர்த்திப் பார்க்க வேண்டும். கீழே கண்ணாடியும் மின்விளக்குமாக இருக்கிற கடையின் தலைக்குமேல், சுதை வேலை செய்த கைப்பிடிச் சுவரும், மரத் துருத்துகளும், நாட்டு ஓட்டின் கறுத்த சரிவும் ஆங்காங்கே தெரியும். கே. ஆர். வெங்கடராம ஐயர் 1938 முதல் 1944 வரை வெளியிட்ட சமஸ்தான மானுவலில் கோயிலும் குகையும் கல்வெட்டும் ஊர்தோறும் பதிவாயிருக்கின்றன. அத்தகைய உழைப்பில் பத்தில் ஒரு பங்கை இந்த வீடுகளுக்கும் செலுத்த வேண்டும். கல்லூரி மாணவர்கள் நாலு பேர் ஒரு விடுமுறையில் அளவு நாடாவும் கையேடுமாகப் புறப்பட்டால், ஒரு வீதியின் ஒரு சிறகைத் தரைப்படம் வரைந்துவிடலாம். கடைக்காரர்களிடம் பேச வேண்டும். அவர்களில் பலர் இரண்டு மூன்று தலைமுறையாக அதே திண்ணையில் இருப்பவர்கள். எந்தச் சுவர் எந்த வருஷம் போயிற்று, முற்றத்துத் துளசி மாடம் எங்கே இருந்தது, கிணற்றை யார் மூடினார்கள் என்பதெல்லாம் வீட்டை விட்டுப் போன பங்காளிகளைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

அப்படிப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வீதியில் எந்த வீட்டில் இன்னும் மனிதர் குடியிருக்கிறார்கள் என்று பகலில் கண்டுபிடிப்பது கடினம். எல்லாம் கடையாகவே தோன்றும். விடியுமுன் போக வேண்டும். கடைக்காரர்கள் வந்து வாசல் தெளிப்பது எட்டரை ஒன்பது மணிக்கு. அதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே, இறங்கியிருக்கும் இரண்டு ஷட்டர்களின் நடுவே, மூன்றடி நடைக்கு எதிரே மட்டும் நீர் தெளித்து, அந்த மூன்றடிக்குள் அடங்குமாறு ஐந்து புள்ளியில் ஒரு கோலம் போட்டிருக்கும்.